ஜோடி நட்சத்திரமும் பிரேக்கும்

கேள்வி: நிலா எப்பவும் ஒரே முகத்தைத்தான் நமக்கு காட்டுது, ரெட்டை நட்சத்திரங்களும் அப்படித்தானா சார்?

பதில்: ரொம்ப கிட்ட இருந்தா அப்படித்தான். ஈர்ப்புல ரெண்டும் முட்டை மாதிரி நீண்டுடும், நட்சத்திரம் வேகமா சுழன்றா அந்த வீக்கம் கொஞ்சம் முன்னாடி போயிடும், ஜோடி அதை பின்னாடி இழுக்கும், இப்படியே பிரேக் விழுந்து விழுந்து தன்னைத்தானே சுத்துற நேரமும் ஜோடியை சுத்துற நேரமும் ஒண்ணாயிடும். மெதுவா சுழன்றா உல்டா, வேகம் கூடும். அல்கால்னு ஒரு ரெட்டை நட்சத்திரம் இருக்கு, அதுல இருக்கிற வீங்கிப்போன துணை நட்சத்திரம் தனியா இருந்தா சோம்பேறியா சுழலும், இங்க 2.87 நாளைக்கு ஒரு சுத்து, அந்த வேகத்தாலதான் அவ்ளோ காந்தப்புலம், எக்ஸ்ரே வெடிப்பு எல்லாம். நம்ம சித்திரை நட்சத்திரம், அதாங்க ஸ்பைக்கா, அதுவும் 4 நாளைக்கு ஒருதரம் ஒண்ணையொண்ணு சுத்துற ஜோடிதான், ஆனா ரெண்டுல பெரியவர் இன்னும் அடங்கல, வேகமாத்தான் சுழன்றுட்டிருக்கார்.