மருந்துக் கடையில் சொல்லும் முதல் விலையைக் கொடுத்துவிடாதீர்கள்

தம்பி, மன்னார்குடியிலிருந்து டல்லாஸ் வரும்போது கொண்டுவந்த சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் தீரப்போகின்றன, இங்கே கேட்கும் விலை மலைக்க வைக்கிறது, அம்மாவைக் கூரியரில் அனுப்பச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வெளிநாட்டிலிருந்து தனிநபர் மருந்து வரவழைப்பதற்குப் பெரும்பாலும் சட்டத்தில் இடமில்லை. சுங்கத்தில் பிடித்து வைத்தால் மாத்திரை இல்லாமல் நிற்பீர்கள்.

நம் ஊரில் அட்டையிலேயே எம்.ஆர்.பி. அச்சாகியிருக்கும், அதற்கு மேல் வாங்க முடியாது. அமெரிக்காவில் அந்த உச்சவரம்பு கிடையாது. ஒரே மாத்திரைக்குக் கடைக்குக் கடை பல மடங்கு வித்தியாசம் இருக்கும்.

முதலில் டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டைப் பாருங்கள். சர்க்கரைக்கு 'மெட்ஃபார்மின் இ.ஆர். 1000' என்று எழுதியிருந்தால் கோளாறு அங்கேதான். இ.ஆர். என்றால் மருந்து மெதுவாக இறங்கும் மாத்திரை; அதில் மூன்று வகை உண்டு. குளூக்கோஃபேஜ் எக்ஸ்.ஆர். என்ற பிராண்டின் ஜெனரிக், அதாவது பிராண்டு பெயர் இல்லாமல் விற்கும் அதே மருந்து, மலிவு. ஆனால் அது 500, 750 மில்லிகிராமில்தான் வரும். 1000 என்று எழுதினால் ஃபோர்டமெட் அல்லது குளூமெட்சா வகையைத்தான் கடையில் கொடுக்க முடியும், அவை பல மடங்கு விலை. 'குளூக்கோஃபேஜ் எக்ஸ்.ஆர். ஜெனரிக், 500 இரண்டு' என்று மாற்றித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். காசை மிச்சம் பிடிக்க இ.ஆர். மாத்திரையை மட்டும் உடைக்காதீர்கள். மெதுவாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

பிரஷருக்கான டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரையைவிட, இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குவது பெரும்பாலும் மலிவு. நம் ஊரில் சர்க்கரைக்குத் தரும் வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் இரண்டுக்கும் இங்கே அனுமதியே இல்லை. மாற்று என்ன என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். விலை அதிகமான புது மருந்து எழுதினால், 'எனக்கு ஒத்துவரக்கூடிய பழைய ஜெனரிக் இருக்கிறதா' என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடுத்தது கடை. இன்சூரன்ஸ் வழியாக எவ்வளவு, இன்சூரன்ஸ் இல்லாமல் ரொக்கத்துக்கு எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். ரொக்க விலை குறைவு என்பதைப் பார்மசிஸ்ட் சொல்லவிடாமல் ஒப்பந்தம் போட்டு வாயடைப்பதை 2018இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். ஆனாலும் நாம் கேட்டால்தான் சொல்வார்கள். மருந்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் தரும் குட்ஆர்எக்ஸ் தளத்தில் மருந்தின் பெயர், அளவு, எண்ணிக்கை மூன்றையும் சரியாகப் போட்டுக் கூப்பன் எடுத்துப் பாருங்கள். உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் காஸ்ட்கோ கடையிலும் மருந்துப் பிரிவுக்கு உறுப்பினர் அட்டை தேவையில்லை. தொழிலதிபர் மார்க் கியூபனின் காஸ்ட் பிளஸ் டிரக்ஸ் என்ற இணைய மருந்துக் கடையில் கொள்முதல் விலையோடு 15 சதவீதம், அதற்கு மேல் பார்மசிக் கட்டணமும் தபால் செலவும் சேரும். அதனால் 90 நாளுக்கு வாங்கினால்தான் கட்டுபடியாகும்.

ஒன்றைக் கவனியுங்கள்: கூப்பனில் கட்டும் பணம் பொதுவாக உங்கள் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் அந்த ஆண்டில் நாமே கட்ட வேண்டிய தொகை) கணக்கில் சேராது. அந்த ஆண்டில் ஆபரேஷன் போல பெரிய செலவு காத்திருந்தால் இன்சூரன்ஸ் வழியாகவே வாங்குவது லாபமா என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

புது நோயாளிக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். கையில் ஒரு மாத மாத்திரை இருக்கும்போதே போன் செய்துவிடுங்கள். போகும்போது பழைய அட்டைகளை எடுத்துப் போங்கள்; பிராண்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்தான் இங்கே டாக்டருக்குப் புரியும்.