ரோஜரின் அம்மா

வணக்கம் சார்,

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிசிலித் தீவை ஆண்ட, வட பிரான்சிலிருந்து வந்த நார்மன் குலத்து மன்னர் இரண்டாம் ரோஜரைப் பற்றி முன்பு ஒருமுறை போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாளாக அவரைப் பற்றியே வாசித்துக்கொண்டிருக்கிறேன். லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் அலுவலகம் நடத்தியவர். அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியல் அறிஞரை அரண்மனையில் வைத்துக்கொண்டு உலக வரைபடம் செய்யச் சொன்னவர். போப்பையே சிறைபிடித்தவர். ஐரோப்பாவே சிலுவைப்போர் வெறியில் இருந்தபோது அந்தப் பக்கமே தலைவைக்காமல் இருந்தவர். இப்படி ஒருவர் எப்படி உருவானார்? மாவீரரான தந்தையின் ரத்தமா, பிறவி மேதைமையா? அவரை மதச்சார்பற்ற மன்னர் என்று சொல்லலாமா? இன்னொன்று, அந்த வரைபடத்தை வெள்ளியில் செய்தார்கள் என்பது உண்மையா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது. 1109-ல் எழுதப்பட்ட ஒரு தாளின் படத்தைத்தான் நான் இந்த நாட்களில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பலெர்மோ ஆவணக் காப்பகத்தில் இருப்பது. ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் தாள் ஆவணங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. மேற்கு ஐரோப்பாவின் மற்ற அரசவைகள் பெரும்பாலும் ஆட்டுத்தோலில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. கிரேக்கத்திலும் அரபிலும் எழுதியிருக்கிறது. ஒரு மடத்துக்கு யாரும் தொந்தரவு கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த வட்டார அதிகாரிகளுக்கு உத்தரவு, அவ்வளவுதான். ஆனால் உத்தரவு போட்டது ரோஜர் இல்லை. அவருக்கு அப்போது வயது 13. போட்டது அவருடைய அம்மா அடிலெய்டா.

நீங்கள் வியந்து எழுதியிருக்கிறீர்களே, பல மொழி அலுவலகம், அதன் சாட்சி இந்தத் தாள். ரோஜர் மீசை முளைக்கும் முன்பே அது நடந்துகொண்டிருந்தது. உங்கள் கடிதத்தில் தந்தையின் ரத்தம் வருகிறது, போப் வருகிறார், இத்ரீசி வருகிறார். பெற்று வளர்த்து நாட்டையும் காப்பாற்றிக் கொடுத்தவள் எங்கே? கொஞ்ச நாளாக வாசிக்கிறேன் என்கிறீர்கள், எதை வாசித்தீர்கள்?

சரி, கோபத்தை விடுகிறேன். மற்றவற்றை முதலில் முடித்துவிடலாம். மதச்சார்பற்ற மன்னர் என்பதெல்லாம் வேண்டாம். கிறித்துவ மன்னராக இருந்துகொண்டு முஸ்லிம் குடிகளிடம் ஜிஸ்யா வரி, அதாவது முஸ்லிம் ஆட்சிகளில் பிற மதத்தவரிடம் வாங்கும் தலைவரி, வாங்கியவர் அவர். ஆப்பிரிக்கக் கரையில் அவருக்காகப் போரிட்ட மஹ்தியாவின் பிலிப் என்ற தளபதியை, உள்ளுக்குள் இஸ்லாமியனாக இருக்கிறான் என்று குற்றம்சாட்டி 1153-ல் பலெர்மோவில் எரித்தார்கள். போப் கதை 1139-ல் தென் இத்தாலியின் கல்லூச்சோவில் நடந்தது. போப் இன்னசென்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, தன்னை மன்னர் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். அதற்கு ஒன்பது வருடம் முன்பு அவர் சூடிய கிரீடம், இன்னசென்டுக்கு எதிராகத் தானே போப் என்று சொல்லிக்கொண்ட போட்டி போப்பின் ஆசியோடு வந்தது, அந்தக் கறையைக் கழுவ வேண்டியிருந்தது. இதில் வியக்க எனக்கு ஒன்றும் இல்லை.

தந்தையின் ரத்தத்துக்கு வருவோம். முதலாம் ரோஜர் பெரிய போர்வீரர்தான், இல்லையென்று யார் சொன்னார்கள். சிசிலியை முஸ்லிம்களிடமிருந்து பிடிக்க அவருக்கு முப்பது வருடம் ஆனது. அவர் இறந்தது 1101-ல், பையனுக்கு அப்போது ஐந்து வயது. அப்பாவைப் பார்த்து என்ன கற்றிருக்க முடியும்? அண்ணன் சைமனுக்குத்தான் பட்டம், அவனும் 1105-ல் இறந்துவிட்டான். இப்படி இரண்டு சின்னப் பையன்களின் பெயரில் 1112 வரை ஆண்டது அந்த இளம் விதவை. வட இத்தாலியிலிருந்து வயதான ஒருவருக்கு மூன்றாம் தாரமாக வந்தவள். சுற்றிலும் நார்மன் பிரபுக்கள், பெண்தானே என்று வாலாட்டிப் பார்த்தார்கள், அடக்கினாள். கணவர் காலத்துத் தலைமையிடம் தீவுக்கு வெளியே, இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாவில், மிலெட்டோவில் இருந்தது. அதை மெசினாவுக்கும் பிறகு பலெர்மோவுக்கும் கொண்டுவந்தது அவள் காலத்தில். இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடாதீர்கள். மிலெட்டோவிலேயே வளர்ந்திருந்தால் ரோஜர் இன்னொரு நார்மன் முரடனாக ஆகியிருக்கலாம். பலெர்மோ அரபு நகரம். கணக்கு எழுத, வரி வாங்க, நிலத்தை அளக்க எல்லாவற்றுக்கும் அரபு தெரிந்தவர் வேண்டும், கிரேக்கம் தெரிந்தவர் வேண்டும். கிறிஸ்டோடுலோஸ் என்ற கிரேக்கரை நிர்வாகத்தின் தலையில் வைத்தது அவளுடைய ஆட்சி. பிற்பாடு ரோஜரின் வலக்கையாக இருந்த அந்தியோக்கியா ஜார்ஜ் இவருக்குக் கீழே வேலை பார்த்து மேலே வந்தவர்தான்.

என் சித்தப்பா கடை வைத்திருந்தார். அவர் போனபோது பிள்ளை கைக்குழந்தை. சித்தி கல்லாவில் உட்கார்ந்தாள். கடன்காரர்களைச் சமாளித்து, பங்காளிகளிடம் சண்டை போட்டு, அந்தப் பையன் மீசை வைத்துக்கொண்டு வந்து உட்காரும்வரை கடையைக் கையில் பிடித்திருந்தாள். இன்றைக்கு ஊரில் கேட்டுப் பாருங்கள், பையன் அப்படியே அப்பா மாதிரி, வியாபாரம் ரத்தத்திலேயே இருக்கு என்பார்கள். சித்தி அதைக் கேட்டுச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. உங்கள் கடிதத்தில் அந்த 'ரத்தம்' என்ற இடத்தைப் படித்தபோது சுருக்கென்று ஆனதற்கு அதுதான் காரணம், நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடிலெய்டாவைப் பற்றி எழுதியவர்களும் இதே கதைதான். நார்மண்டியில் மடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆர்டெரிக் என்ற துறவி, மகன் ஆளான பிறகு தன் மருமகனையே விஷம் வைத்துக் கொன்றாள் என்று எழுதி வைத்தார். ஒரு பெண் பத்து வருடம் நன்றாக ஆண்டால் விஷம் இல்லாமல் எப்படி?

இப்போது நீங்கள் கேட்ட சிலுவைப்போர். அதற்கும் பதில் இவளிடம்தான் இருக்கிறது. மகன் பொறுப்பேற்ற பின், 1113-ல் ஜெருசலேம் மன்னன் பால்ட்வினை மணக்கக் கப்பல்களில் பொன்னும் பொருளும் ஏற்றிக்கொண்டு போனாள். அவனுக்குக் காசு வேண்டும். குழந்தை பிறக்காவிட்டால் ஜெருசலேம் ரோஜருக்கு என்று ஒப்பந்தம். அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தாள், தள்ளி வைத்திருந்தானே தவிர முறையாகப் பிரியவில்லை. அதெல்லாம் பணம் கரைகிறவரை யாருக்கும் உறுத்தவில்லை. 1117-ல் அவனுக்கு உடம்பு மோசமானபோது திடீரென்று பாவம் புண்ணியம் ஞாபகம் வந்து, இந்தக் கல்யாணம் செல்லாது என்று இவளைத் திருப்பி அனுப்பினார்கள். சீதனம் திரும்பவில்லை. அடுத்த வருடமே சிசிலியில் பாத்தி என்ற ஊரில் செத்துப்போனாள். ரோஜருக்கு அப்போது 22 வயது.

பல பத்தாண்டுகள் கழித்து டயர் நகரப் பேராயர் வில்லியம் இதைப் பற்றி எழுதும்போது, அந்த அவமானத்தால் ரோஜரும் அவர் வாரிசுகளும் ஜெருசலேம்மீது தீராத வெறுப்பு கொண்டார்கள், மற்ற மன்னர்கள் உதவியபோது அவர்கள் மட்டும் ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று புலம்புகிறார். நீங்கள் பரந்த மனம் என்று நினைத்தது இதுதான் சார், அம்மாவை அவமானப்படுத்தியவர்கள்மீது மகனுக்கு இருந்த ஆத்திரம். அது மட்டுமே என்று சொல்லமாட்டேன். ஆப்பிரிக்கக் கரைக்குக் கோதுமை விற்றுத்தான் சிசிலி கொழுத்தது, வாடிக்கையாளரை வெட்டினால் யாரிடம் விற்பது. 1147-ல் இரண்டாம் சிலுவைப்போர் கிளம்பியபோதும், படைகள் ஒருபக்கம் போய்க்கொண்டிருக்க இவர் கிரேக்கத்தில் புகுந்து தீப்ஸ், கொரிந்து நகரங்களைச் சூறையாடி, பட்டு நெசவாளர்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அடிலெய்டாவைத் தெய்வமாக்கவும் நான் எழுதவில்லை. தன் பிறந்த வீட்டு ஆட்களை, லொம்பார்டுகளை, சிசிலியின் நடுப்பகுதியில் குடிவைத்ததில் அவள் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ரோஜர் இறந்து சில வருடங்களில், 1161-ல், அந்த லொம்பார்டுகள்தான் முஸ்லிம் கிராமங்களில் புகுந்து வெட்டினார்கள். அவள் பேரனின் ஆட்சியில். மூன்று மொழி நாடும் அதை முறித்த கையும் ஒரே பெண்ணின் ஆட்சியில் தொடங்குகின்றன. இதைத்தான் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், சிங்கம் ஒட்டகத்தை வீழ்த்துவதுபோல் பூவேலை செய்த ரோஜரின் மேலங்கியைப் பற்றி எழுதியது போதும்.

அட, வரைபடம். ஆம், வெள்ளிதான், பெரிய வட்டத்தகட்டில் பொறித்தார்கள். தகடு இன்று இல்லை. இத்ரீசி அதற்கு எழுதிய விளக்க நூல் 1154-ல் முடிந்தது, ரோஜர் இறந்த அதே வருடம். அதன் பிரதிகளில் படங்கள் இருக்கின்றன, இணையத்திலேயே கிடைக்கும். தெற்கு மேலே இருக்கும், திருப்பி வைத்துப் பாருங்கள்.

அன்புடன்.