பெட்டியில் 63 சிசி, உள்ளே எத்தனை?

கேள்வி: ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. களைக்கு ஆள் கிடைப்பதில்லை. பிரஷ் கட்டர் (களை வெட்டும் மெஷின்) வாங்கலாம் என்று கடைக்குப் போனால் ஹோண்டாவையும் ஸ்டிலையும் காட்டிவிட்டு, பாதி விலைக்கும் குறைவாக இன்னொரு மெஷினை எடுத்து வைக்கிறார்கள். "ஹோண்டா வெறும் 35 சிசி, இது 63 சிசி" என்கிறார் கடைக்காரர். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஸ்டில்தான் என்கிறார், மகன் ஹோண்டாதான் என்கிறான். எதை வாங்குவது?

பதில்: முதலில் அந்த 63ஐப் பார்த்துவிடுவோம். கடையில் அதிகம் பேர் சறுக்குவது அங்கேதான்.

மலிவு விலை டூ ஸ்ட்ரோக் மெஷின்களின் இன்ஜினிலோ ஸ்டிக்கரிலோ 1இ40எஃப்-5, 1இ44எஃப்-5 என்பது போல ஓர் எண் இருக்கும். பெட்டியை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். முதலில் வரும் 1, ஒற்றை சிலிண்டர் என்பதற்கு. 40, 44 என்பவை சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில். இந்த இரண்டு இன்ஜினிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் வழக்கமாக 34 மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த உருளைக் கணக்கைப் போட்டால் 40க்கு 42.7 சிசி வரும், 44க்கு 51.7 சிசி வரும். பெட்டியில் 63 என்றும் இன்ஜினில் 1இ44எஃப் என்றும் இருந்தால் மிச்சம் 11 சிசி அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது.

அதற்காக அந்த இன்ஜினே மோசம் என்று சொல்ல மாட்டேன். 52 சிசி இன்ஜின் முரட்டு வேலைக்குத் தாங்கும். சீனாவில் பல தொழிற்சாலைகள் ஏறக்குறைய ஒரே அச்சில் அதைச் செய்கின்றன. இங்கே வந்ததும் ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு பெயர். ஆகவே 'இந்த மலிவுக் கம்பெனியா, அந்த மலிவுக் கம்பெனியா' என்று ஒப்பிடுவதில் பொருளே இல்லை. இன்ஜின் ஒன்றுதான், ஷாஃப்ட், கியர் ஹெட், கிளட்ச் இவற்றின் தரம்தான் ஏறி இறங்கும். பெயர் எதுவானாலும் கார்புரேட்டர், ஸ்டார்ட்டர் போன்ற பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்திவிடுவது இதில் உள்ள ஒரு நல்ல விஷயம்.

அடுத்து, சிசியை மட்டும் வைத்து ஹோண்டாவையும் டூ ஸ்ட்ரோக் மெஷினையும் ஒப்பிட முடியாது. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. ஹோண்டாவின் ஜிஎக்ஸ் 35 ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் 35.8 சிசி, ஏறக்குறைய 1 கிலோவாட் சக்தி தரும். ஸ்டிலின் எஃப்எஸ் 250 டூ ஸ்ட்ரோக் மாடல் 40.2 சிசி, 1.6 கிலோவாட். சிசியில் சின்ன வித்தியாசம், சக்தியில் பெரிய வித்தியாசம்.

அப்படியானால் ஸ்டில்தானா? கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டில் எந்தத் தவறு நடக்கும் என்று முதலில் யோசியுங்கள். ஸ்டில் டூ ஸ்ட்ரோக்கில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில் கலக்க வேண்டும், அதாவது 50க்கு 1. கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஒரே நாளில் கதை முடிந்துவிடும். ஹோண்டாவில் வெறும் பெட்ரோல்தான், ஆயிலுக்குத் தனி இடம். ஆனால் அது கொள்ளும் ஆயில் 100 மில்லி மட்டும். முதல் 10 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும். கூலிக்கு வரும் ஆளே பெட்ரோல் ஊற்றி ஓட்டுவார் என்றால் கலப்பு பெட்ரோலைத் தனி நிற கேனில் நீங்களே கலந்து வையுங்கள், அல்லது ஹோண்டாவுக்குப் போய்விடுங்கள். ஸ்டிலில் '4-மிக்ஸ்' என்று ஒரு வகை உண்டு. அது ஃபோர் ஸ்ட்ரோக், ஆனாலும் ஆயில் கலந்த பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். 'ஃபோர் ஸ்ட்ரோக்தானே' என்று வெறும் பெட்ரோல் ஊற்றிவிடாதீர்கள்.

தோப்பில் இருப்பது பெரும்பாலும் புல், கோரை, பார்த்தீனியம் என்றால் நான் ஹோண்டா வாங்குவேன். சத்தமும் புகையும் குறைவு, பெட்ரோலும் மிச்சம். உண்ணிச்செடி, கருவேலங்கன்று, வருடக்கணக்கில் விட்ட புதர் என்றால் ஸ்டில். வருடத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் வெட்டுகிறீர்கள், பக்கத்திலேயே கைராசியான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்றால் அந்த 52 சிசியே போதும். 63 சிசி விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு சோதனை. "கிளட்ச் டிரம், ஸ்டார்ட்டர் கயிறு செட், கார்புரேட்டர் டயாஃப்ரம், மூன்றும் இருக்கிறதா? எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். "சொன்னால் வரவழைத்துத் தருவோம்" என்றால், களை முழங்கால் உயரம் வளர்ந்த நாளில் மெஷின் மூலையில் கிடக்கும். எனக்கு இது நடந்திருக்கிறது. ஒரு பெரிய கம்பெனி மெஷின்தான், கியர் ஹெட் வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் பக்கத்துத் தோட்டத்து ஆடுகளே வேலையை முடித்துவிட்டன.

'ஹோண்டா டைப்', 'ஜிஎக்ஸ் 35 மாடல்' என்ற சொற்களைக் கேட்டால் உஷாராகுங்கள். அவை பெரும்பாலும் 139எஃப், 140எஃப் வகைச் சீன ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்கள். விற்பதில் தப்பில்லை, ஹோண்டா விலைக்கு விற்பதுதான் தப்பு.

கேள்வி: ஆன்லைனில் ஒரு களை வெட்டும் மெஷின் வாங்கினேன். இரண்டே மாதத்தில் ஸ்டார்ட்டர் உடைந்து, இன்ஜினும் நின்றுவிட்டது. ஒரு வருட வாரன்டி என்று போட்டிருந்தார்கள். இப்போது கேட்டால், "விவசாயத்துக்குப் பயன்படுத்தினால் அது வணிகப் பயன்பாடு, வாரன்டி இல்லை, வேண்டுமானால் டெல்லிக்கு உங்கள் செலவில் அனுப்புங்கள்" என்கிறார்கள். நான் நுகர்வோரே இல்லையா?
வாசகர், ஒரத்தநாடு

பதில்: நீங்கள் நுகர்வோர்தான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை விலக்குகிறது, உண்மைதான். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்குவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவில் விளக்கமும் இருக்கிறது. விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே என்று தேசிய விதைக் கழகத்தின் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. களை வெட்டும் மெஷினை வயலில் ஓட்டாமல் வரவேற்பறையிலா ஓட்டுவார்கள்?

அதே சமயம் வாரன்டி அட்டையை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பிளேடு, நைலான் கயிறு, ஸ்பார்க் பிளக் போன்ற தேயும் பொருள்களுக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது. ஆயில் கலக்காமல் ஓட்டிப் பிடித்துக்கொண்ட இன்ஜினுக்கும் பணம் வராது. பிஸ்டனில் விழுந்த கீறலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் பக்கம் அப்படி எதுவும் இல்லை என்றால் தைரியமாக இறங்குங்கள்.

இனிமேல் போனில் பேச வேண்டாம், எழுத்தில் மட்டும். பில், விளம்பரப் பக்கத்தின் படம், உடைந்த பாகத்தின் படம் எல்லாம் வைத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். சின்னத் தொகை விவகாரங்கள் பல இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட இப்போதைய சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். உடைந்த ஸ்டார்ட்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

கேள்வி: வீட்டின் முன்னால் இரண்டு சென்ட் புல்தரை. '48 வோல்ட்' பேட்டரி புல்வெட்டி ஒன்று மிக மலிவாகக் கிடைக்கிறது. பெரிய கம்பெனிகளின் 18 வோல்ட்டைவிட இது மேல்தானே?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்தப் பெட்டியில் 48க்குப் பக்கத்தில் 'வி' மட்டும் இருக்கிறதா, 'விஎஃப்' என்று இருக்கிறதா பாருங்கள். 48விஎஃப், 88விஎஃப் என்பதெல்லாம் வோல்ட் கணக்கே இல்லை, வெறும் அலங்காரம். பேட்டரியைப் பிரித்தால் பெரும்பாலும் ஐந்து லித்தியம் செல்கள்தான் வரிசையில் இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 18. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 என்பதால் 21 என்றும் போட்டுக்கொள்வார்கள். 18, 20, 21 என்று மூன்று கம்பெனிகள் மூன்று விதமாகச் சொல்வதும் ஒரே பேட்டரியைத்தான்.

பார்க்க வேண்டியது வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கி வரும் வாட்-மணி. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90. மெஷின் 300 வாட் இழுத்தால் 18 நிமிடம் ஓடும். மலிவு பேட்டரி 1.5 ஆம்பியர்-மணி என்றால் 27 வாட்-மணிதான். ஐந்தரை நிமிடத்தில் நின்றுவிடும், வாசல் படியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டீர்கள்.

பேட்டரியில் கம்பெனி தேர்ந்தெடுப்பது சம்பந்தம் பேசுவது மாதிரி, எளிதில் மாற்ற முடியாது. மகிதா கம்பெனி பேட்டரி பாஷ் கம்பெனி மெஷினில் ஏறாது. பாஷிலேயே பச்சை நிற வீட்டு மெஷினின் 18 வோல்ட் பேட்டரி நீல நிறத் தொழில்முறை மெஷினில் ஏறாது. வீட்டில் ஏற்கெனவே டிரில்லிங் மெஷின் இருந்தால் அதே வரிசையில் வாங்குங்கள். ஒன்றுமே இல்லை என்றால், இரண்டு சென்டுக்கு நான் வயர் இழுத்து ஓட்டும் கரன்ட் மெஷினையே வாங்குவேன். பேட்டரி சாகும் கவலை இல்லை. வெளியில் உபயோகிக்கும் கனமான வயர், ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் கருவி) இருக்கும் பிளக் பாயின்ட், ஈரப் புல்லில் வேலை இல்லை, இவ்வளவும் கவனித்தால் போதும்.

கேள்வி: மழைக்காலம் முழுக்கச் சும்மா வைத்திருந்த மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். வேறு கம்பெனி வாங்கியிருக்க வேண்டுமோ?

பதில்: எந்தக் கம்பெனியானாலும் இதுதான் நடந்திருக்கும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். மெஷின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வும் காய்ந்து விறைத்துவிடும். முழு கார்புரேட்டருக்குச் சம்மதிக்கும் முன் டயாஃப்ரம் கிட் மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், செலவு மிகக் குறைவு. அடுத்த முறை டேங்க்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும் வரை ஓட்டி, அப்புறம் மூலையில் வையுங்கள். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். புதிதாக வாங்குபவர்கள் கையேட்டில் 20 சதவீத எத்தனால் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பல கையேடுகள் 10 சதவீதத்தோடு நிற்கின்றன.

கேள்வி: பிரஷ் கட்டருக்கு அரசு மானியம் உண்டா? வாங்கிவிட்டுப் பில்லைக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது, அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் என்பது பொதுவான அளவு, அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. உழவன் செயலியில் பதிவு செய்து, வேளாண்மைப் பொறியியல் துறையின் அனுமதி வந்த பிறகே வாங்க வேண்டும். அங்கீகரித்த மாடல்களுக்கு மட்டும்தான் மானியம். இந்த வருடப் பட்டியலில் பிரஷ் கட்டர் இருக்கிறதா, எந்தெந்த மாடல் என்பதை உங்கள் பகுதி உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அப்புறம் கடைப் பக்கம் போங்கள்.