ஜீப்ரா கோடு இல்லாத இடத்தில் பைக் மோதினால் தப்பு நடந்து போனவர் மேல்தானா?

கேட்டவர் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். ரோட்டைக் கடக்கும்போது பைக் மோதி வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஒரு மாதம் ஆகிறது. "கோடு இல்லாத இடத்தில் கடந்தது உங்க தப்பு, கேஸ் நிக்காது" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்ல, போலீசுக்கும் போகவில்லை. இழப்பீடு கேட்க வழி உண்டா என்கிறார்.

உண்டுங்க. கேஸ் நிக்காது என்று சொன்னவர்கள் பேச்சை விட்டுவிடுங்கள்.

2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள்படி, ஜீப்ரா கோட்டில் வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழி விட வேண்டும். நடைபாதை மேல் வண்டி ஏற்றவே கூடாது. கோடு இல்லாத இடத்தில் உங்களுக்கு அந்த முன்னுரிமை கிடையாது என்பது உண்மைதான். ஆனால் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் பார்த்து ஓட்டும் கடமை வண்டிக்காரருக்கு எங்கேயும் உண்டு. நீங்கள் கவனிக்காமல் கடந்ததாகத் தீர்ப்பாயம் நினைத்தால், உங்கள் பங்குக்கு இத்தனை சதவீதம் என்று இழப்பீட்டில் கழிக்கும். மனுவையே தள்ளிவிட அது காரணம் ஆகாது.

நம் பக்கத்து ரோடுகளில் கோடு எங்கே இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். பெருந்துறை, அவிநாசி பக்கம் ஹைவேயில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் எதிர்ப்பக்கம் போகப் பாலத்தைத் தேடி எவ்வளவு தூரம் நடப்பார்? கோயம்புத்தூரில் பல சிக்னல்களை எடுத்துவிட்டு யு-டர்ன் வைத்தார்கள். வண்டிகள் நிற்காமல் போகின்றன, நடப்பவருக்கு இடைவெளியே கிடைப்பதில்லை. நடைபாதை என்பது அரசியல் சட்டம் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. கடக்க இடமே அமைக்காத ரோட்டில் கடந்தவரை மட்டும் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை.

இனி உங்கள் கேஸ். இதில் இரண்டு தடம் உண்டு. ஒன்று போலீஸ் கேஸ்: பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) பிரிவு 281 (வேகமாக, அஜாக்கிரதையாக ஓட்டியது), எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால் 125(பி). இரண்டும் ஜாமீனில் விடக்கூடியவை. இன்னொன்று மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நீங்கள் போடும் மனு. வக்கீல்கள் எம்.சி.ஓ.பி. என்பார்கள். போலீஸ் கேஸில் பைக் ஓட்டியவர் விடுதலையே ஆனாலும் இது தனியாக நடக்கும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

முதல் நாள் ஆஸ்பத்திரியில் எழுதும் காகிதத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். எங்கள் பெரியம்மாவை பல்லடம் பக்கம் ஒரு பைக் இடித்தது. இடித்த பையனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான், அது வரை நல்ல பையன். ஆனால் சீட்டு போடும் இடத்தில், "பாட்டி கால் இடறி விழுந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டான். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், அது அப்படியே ஏறிவிட்டது. எங்கள் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அந்தச் சீட்டை வாங்கிப் படித்தாள். டாக்டரிடம் பெரியம்மாவையே பேச வைத்து, எந்த இடம், எத்தனை மணி, வண்டி நம்பர் என்ன என்பது வரை சேர்த்து எழுத வைத்தாள். பின்னால் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதல் கேள்வியே அதில்தான் கேட்டார்: "நீங்க தானா விழுந்ததா முதல்ல எழுதியிருக்கே?" அன்றைக்கே திருத்தி எழுதிய வரி இருந்ததால் தப்பித்தோம்.

உங்கள் ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள்.

அடுத்தது, பேசி முடிக்க வருகிறவர்கள். நம்ம ஊரில் இடித்தவர் எப்படியும் யாருக்காவது சொந்தமாக, இல்லாவிட்டால் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார். எங்கள் வீட்டுக்கும் பெரியவர் ஒருத்தர் வந்தார். "ஏனுங்க, தெரியாம நடந்து போச்சு. ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் நாங்க பாத்துக்கறோமுங்க. ஸ்டேஷனுக்கு மட்டும் போக வேண்டாமுங்க." நல்ல மனதோடுதான் வந்தார். அக்கா சொன்ன பதில் உங்களுக்கும் உதவும்: "பையன் மேல எங்களுக்குக் கோவமில்லீங்க. பணம் இன்சூரன்ஸ்ல இருந்துதானுங்க வரப்போகுது. அதுக்கு எப்.ஐ.ஆர். வேணுமுங்க." இதுதான் விஷயம். ஓட்டியவரிடம் லைசென்ஸும் வண்டிக்கு இன்சூரன்ஸும் இருந்தால் அவர் குடும்பம் கைக்காசு போட வேண்டியதில்லை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எல்லா வண்டிக்கும் கட்டாயம் என்று சட்டம் வைத்ததே இதற்காகத்தான். வண்டி நம்பர் தெரிந்தால் எம்-பரிவாகன் செயலியில் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். காலாவதி என்றால் மட்டும் பொறுப்பு வண்டி ஓனர் தலையில் விழும்.

இழப்பீட்டுக் கணக்கு எப்படிப் போடுவார்கள்? உங்களைப் போன்றவருக்கு மணிக்கட்டுதான் பிழைப்பு, அதனால் விரிவாகச் சொல்கிறேன். வயது 42, மாதச் சம்பளம் 15,000 ரூபாய், சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 41 முதல் 45 வயது வரைக்கும் பெருக்கும் எண் 14. வருடச் சம்பளம் 1,80,000-ஐ 14-ஆல் பெருக்கி, அதில் 20 சதவீதம் எடுத்தால் 5,04,000 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, வலிக்கான தொகை, மனு போட்ட நாளிலிருந்து வட்டி எல்லாம் இதற்கு மேல். டாக்டர் தரும் ஊன சதவீதமும் சம்பாத்திய இழப்பும் ஒன்றல்ல என்று 2011-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு மணிக்கட்டு கொஞ்சம் மடங்காவிட்டால் சமாளிப்பார். ஓவர்லாக் மிஷினில் துணியைத் திருப்பித் திருப்பித் தள்ளுகிறவரால் முடியுமா? இதை வக்கீல் அழுத்திச் சொல்ல வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை என்றால் சனிக்கிழமை சம்பளக் கவர், ஷிப்ட் எழுதும் நோட்டு, இ.எஸ்.ஐ. பதிவு என்று கிடைப்பதை எல்லாம் எடுத்து வையுங்கள்.

யார் தப்பு என்ற பேச்சே வேண்டாம் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆவது பிரிவில் கேட்கலாம். கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், இறப்புக்கு 5 லட்சம். அதை வாங்கினால் 166-ஆவது பிரிவில், அதாவது மேலே கணக்குப் போட்ட மனுவில், கூடுதலாகக் கேட்க முடியாது, அதனால் கை எந்த அளவுக்குத் தேறுகிறது என்று தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள். இடித்த வண்டி எதுவென்றே தெரியாதவர்களுக்கும் அரசுத் திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000, இறப்புக்கு 2 லட்சம் உண்டு.

அவசரம் எதற்கென்றால், 2022 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடந்த விபத்துகளுக்கு 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. ஒரு மாதம் போய்விட்டது. நாளைக்கே விபத்து நடந்த எல்லை ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கான சீட்டு) வாங்குங்கள், தாமதத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்ததுதான் காரணம் என்றால் அதையும் புகாரிலேயே எழுதுங்கள். எப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே புகாரைக் கமிஷனருக்கோ எஸ்.பி.க்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் இன்றே கேளுங்கள், பழைய பதிவு அழிந்துகொண்டே வரும்.

வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்காதீர்கள். கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. நீங்கள் பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், ஆண் என்றால் பொதுவாக வருமான வரம்பு பார்ப்பார்கள். 15100-க்குப் போன் போட்டும் கேட்கலாம். ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து, "கிடைப்பதில் பாதி எனக்கு" என்று பேரம் பேசுகிறவரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். வரும் தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது.