இலையெல்லாம் உதிர்ந்த பிறகு பக்கத்துக் குளத்தில் பார்க்கப் பறவை இருக்குமா?

இலையுதிர்காலம் முடியப்போகிறது, வலசைப் பறவைகள் கடந்து போயிருக்கும், இனிமேல் வீட்டுக்கு அருகில் உள்ள குளத்துக்கும் தோப்புக்கும் போய் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். பல ஆண்டுகளாக ஒரே குளத்துக்குப் போய்வருகிறேன். ஆண்டில் ஒரு மாதம்தான் அனுமதி என்றால் இந்த மாதத்தைத்தான் கேட்டு வாங்குவேன்.

முதலில், மரத்தில் இலை இல்லை. கோடையில் குரலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிய அதே மரத்தில் இப்போது பறவை தலை முதல் வால் வரை தெரிகிறது. கீழே கிடக்கும் சருகும் உதவி செய்கிறது. தரையில் இரை தேடும் பறவை சருகைப் புரட்டும் சத்தமே அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சூரியனும் தாமதமாகத்தான் உதிக்கிறது என்பதால் நடுச்சாமத்தில் அலாரம் வைக்க வேண்டியதில்லை. நீண்ட இரவு முழுக்கப் பட்டினி கிடந்த பறவைகள் விடிந்ததும் மும்முரமாக மேயும்; முதல் இரண்டு மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

தோப்பில் அரை மணி நேரம் ஒரு சிறகசைவுகூடக் கண்ணில் படாமல் போகலாம். சலித்துப்போய்க் கிளம்பிவிடாதீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் எல்லை பிடித்துச் சண்டையிட்ட சிறு பறவைகள் இப்போது பல இனம் கலந்த கூட்டமாகத் திரிகின்றன. பல கண்கள் இருந்தால் வேட்டைப் பறவை வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும் அல்லவா? அந்தக் கூட்டம் நீங்கள் நிற்கும் பக்கம் வந்துவிட்டால், அடிமரத்தில் மரங்கொத்தி, நடுக்கிளையில் கதிர்க்குருவி, நுனியில் தலைகீழாகத் தொங்கும் பட்டாணிக்குருவி என்று ஐந்தே நிமிடத்தில் எல்லாம் கடந்து போகும். பின்னால் துரத்திப் போகக் கூடாது. போகும் திசையைக் கணித்து, முன்னால் போய் அசையாமல் நில்லுங்கள்.

ஆனால் என் மனம் முழுக்கக் குளத்தில்தான் இருக்கிறது. வலசை முடிந்துவிட்டது என்பது வாத்துகளுக்குப் பொருந்தாது. வடக்கே நீர்நிலை உறையும் வரை பல வாத்துகள் அங்கேயே தங்கும். உறைந்த பிறகுதான் கிளம்பி வரும். கடற்கரைப் பறவைகளிலும் தாமதமாகப் புறப்படுபவை உண்டு. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவை அடைந்தது. உடலில் செயற்கைக்கோள் கருவி பொருத்தியிருந்ததால் நமக்கு இது தெரியவந்தது.

தட்டைவாயன் வாத்தை மட்டும் ஒரு காலை முழுக்கப் பாருங்கள். போன வாரம் பத்துப் பன்னிரண்டு பறவைகள் தலையை நீரில் புதைத்துக்கொண்டு, ஒன்றின் வால் பக்கம் இன்னொன்றாக, செக்கு சுற்றுவதுபோல் வட்டமடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சுழற்சியில் அடிநீரில் கிடக்கும் சின்னஞ்சிறு நீர்ப்பூச்சிகள் போன்ற சிற்றுயிர்கள் மேலே வரும். கரண்டி போன்ற அலகின் ஓரத்தில் உள்ள சல்லடைப் பற்கள் அவற்றை வடிகட்டிக்கொள்ளும். பார்த்துக்கொண்டே இருந்ததில் பைனாகுலர் பிடித்த கை விறைத்துவிட்டது, இறக்க மனம் வரவில்லை.

ஆணா பெண்ணா என்பதில் இந்த மாதம் எல்லோரும் குழம்புவார்கள். குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிட்டு, சில வாரம் பறக்க முடியாமல், பெண்ணைப் போன்ற மங்கல் நிறத்தில் ஒளிந்து வாழும். தட்டைவாயன் தன் பளிச்சென்ற நிறத்துக்குத் திரும்ப மற்ற பல வாத்துகளைவிட அதிக நாள் எடுத்துக்கொள்ளும். அப்போது கண்ணைப் பாருங்கள்: வளர்ந்த ஆணுக்கு மஞ்சள் விழி, பெண்ணுக்குப் பெரும்பாலும் பழுப்பு விழி.

கருவியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 8x42 பைனாகுலர் ஒன்று போதும். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். மங்கலான காலை வெளிச்சத்துக்கு அந்த அகலம் தேவை. பைனாகுலரைவிட முக்கியம் ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், காற்றின் திசை, எத்தனை பறவை என்று எழுதுங்கள். ஒன்றும் வராத நாளையும் எழுதுங்கள். 1900 கிறிஸ்துமஸ் அன்று வட அமெரிக்காவில் 27 பேர் தத்தம் ஊர்ப் பறவைகளை எண்ணி எழுதிவைத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. அவர்கள் எழுதிவைத்திராவிட்டால் எந்தப் பறவை குறைந்தது, எது பெருகியது என்று ஒப்பிட நம்மிடம் என்ன இருந்திருக்கும்?

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். படத்துக்காகப் பறவைகளுக்கு மிக அருகில் போகாதீர்கள். மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள் கழுத்தை நீட்டி நிமிர்ந்தால் உங்களைக் கவனித்துவிட்டன என்று பொருள், அங்கேயே நின்றுவிடுங்கள். நெடுந்தூரம் வந்து இறங்கிய பறவையை வீணாகக் கலைத்துப் பறக்கவிட்டால், அது சேர்த்துவைத்த கொழுப்பைத்தான் செலவழிக்கும்.

என் குளத்தில் மஞ்சள் விழியோடு ஒரு தட்டைவாயன் பாதி மாறிய நிலையில் இருக்கிறது. தலையில் பச்சை திட்டுத்திட்டாகவும், விலாவில் செம்பழுப்பு ஒரு கை அகலத்துக்கும் வந்துவிட்டன. மார்பு இன்னும் வெளுக்கவில்லை. நாளை விடிவதற்குள் கரையில் இருப்பேன்.