பழைய பொக்லைனில் ‘கம்யூனிகேஷன் எரர்’: கேள்வி பதில்

செகண்ட் ஹேண்டில் செயின் வண்டி வாங்கியவர்களும் ரிப்பேர் பார்ப்பவர்களும் கேட்டவை இவை. வயரிங், கன்ட்ரோலர் (என்ஜின், பம்ப்பைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் போர்டு), மானிட்டர் பற்றி மட்டும் பதில் சொல்கிறேன்.

சங்ககிரியிலிருந்து: 20 டன் வண்டி, வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஓடும்போதே மானிட்டர் அணைந்து திரும்ப எரிகிறது, ‘கம்யூனிகேஷன் எரர்’ காட்டுகிறது. கன்ட்ரோலர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். பழைய கன்ட்ரோலர் ஒன்று 65,000 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள் அண்ணே. முதலில் அளந்து பார்ப்போம்.

உங்கள் வண்டியில் என்ஜின் கன்ட்ரோலர், பம்ப் கன்ட்ரோலர், மானிட்டர் எல்லாம் இரண்டே வயரில் பேசிக்கொள்கின்றன. கேன் ஹை, கேன் லோ என்று பெயர். இரண்டும் கயிறு மாதிரி முறுக்கி வரும். பல வண்டிகளில் ஹை மஞ்சள், லோ பச்சை. அந்த லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். பேட்டரி கட்-ஆஃபை ஆஃப் செய்து, சில நிமிடம் விட்டு, ஹைக்கும் லோவுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 60 பக்கம் வந்தால் லைன் முழுசாக இருக்கிறது. 120 என்றால் எங்கோ அறுந்திருக்கிறது, இல்லையென்றால் ஒரு ரெசிஸ்டர் போய்விட்டது. 40 என்றால் மூன்றாவதாக ஒரு ரெசிஸ்டர் எப்படியோ சேர்ந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஷார்ட்.

ஆனால் நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மானிட்டரே அணைகிறது என்கிறீர்கள். கேன் வயர் அறுந்தால் மானிட்டர் அணையாது. எரிந்துகொண்டே எரர் காட்டும். அணைகிறது என்றால் அதற்குக் கரண்ட் போகவில்லை, அல்லது எர்த் விட்டு விட்டுப் பிடிக்கிறது.

இதை மீட்டரில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே இழை பிடித்திருந்தாலும் மீட்டர் 24 வோல்ட் காட்டும். 24 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் வைத்து, மானிட்டர் கப்ளரின் (வயர் சொருகும் கனெக்டர்) பிளஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் சப்ளை சரி. மங்கினால் பிளஸ் பக்கமா எர்த் பக்கமா என்று பிரித்துப் பாருங்கள்: பல்பின் எர்த் பக்க வயரை நேராக பேட்டரி நெகட்டிவுக்குக் கொடுத்ததும் பளிச்சென்று எரிந்தால் எர்த்தில் கோளாறு, அப்போதும் மங்கினால் பிளஸில்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் இதே கதை. இரண்டு கன்ட்ரோலர் மாற்றியாகிவிட்டது, எரர் போகவில்லை. சீட்டைக் கழற்றி தரை விரிப்பைத் தூக்கினால் அடியில் எர்த் போல்ட். விற்றவர் வண்டிக்கு புது பெயிண்ட் அடித்தபோது லக்கை (எர்த் வயர் முனையில் உள்ள வளையம்) கழற்றி, இரும்பின் மேலும் பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே லக்கை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். மீட்டரில் 24.3 வோல்ட். பல்பு சிவப்பாக, கம்பி மட்டும் தெரிகிற மாதிரி எரிந்தது. இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து முறுக்கினேன். அதற்குப் பிறகு அந்த எரர் வரவேயில்லை. பழைய வண்டி பளபளப்பாக இருந்தால் எர்த் போல்ட்டை முதலில் பாருங்கள்.

நாமக்கல்லிலிருந்து: மானிட்டரைக் கழற்றிவிட்டு அளந்தேன், 120 காட்டுகிறது. ரெசிஸ்டர் போய்விட்டதா?

போயிருக்க வேண்டும் என்றில்லை. சில வண்டிகளில் ரெசிஸ்டர் தனியாக இருக்காது, மானிட்டருக்குள்ளோ என்ஜின் கன்ட்ரோலருக்குள்ளோ இருக்கும். நீங்கள் கழற்றியதே ரெசிஸ்டராக இருக்கலாம். மாட்டிவிட்டு அளந்து பாருங்கள்.

வேலூரிலிருந்து: ஆன்லைனில் வாங்கிய, எரர் பார்க்கும் ஸ்கேனரை 9 பின் கப்ளரில் சொருகினேன். உயிரே வரவில்லை.

உடனே கழற்றிவிடுங்கள். லாரிகளில் வரும் 9 பின்னில் ஏ பின் எர்த், பி பின் பேட்டரி பிளஸ், சி ஹை, டி லோ. சில மண் வெட்டும் வண்டிகளில் அதே வட்டக் கப்ளர்தான் இருக்கும். ஆனால் ஏ பிளஸ், பி எர்த் என்று தலைகீழ், கேன் வயரும் வேறு பின்னில். சொருகுவதற்கு முன் ஏ, பி இரண்டையும் மீட்டரில் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

ஓசூரிலிருந்து: கம்யூனிகேஷன் எரர் வருகிறது, போர்டு மாற்றினால் சரியாகுமா?

மேலே சங்ககிரிக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். 60 ஓம்ஸ், அப்புறம் பல்பு.

மதுரையிலிருந்து: வயர் அறுந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கேபினுக்கு அடியில், ஃபிரேமில் உரசி அறுந்திருக்கிறது. எப்படிச் சேர்ப்பது?

நல்ல வேலை. இரண்டு வயரையும் ஒரே இடத்தில் சேர்க்காமல் கொஞ்சம் தள்ளித் தள்ளிச் சேருங்கள். கிரிம்ப் ஸ்லீவ் (நசுக்கி வயரைப் பிடிக்க வைக்கும் சின்னக் குழாய்) போட்டு, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கும் ஸ்லீவ்). பழையபடி முறுக்கிவிடுங்கள். உரசிய இடத்தில் கிளாம்ப் போடாவிட்டால் மறுபடி அங்கேதான் அறும். ஈயம் வைக்காதீர்கள்.

கோயம்புத்தூர் எலெக்ட்ரீஷியன்: ஈயம் வைக்காதே என்பதை ஏற்க மாட்டேன். 30 வருஷமாக ஈயம்தான் வைக்கிறேன். கிரிம்ப்தான் கழன்று வருகிறது.

ஈயம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதில் சந்தேகமில்லை அண்ணே. பிரச்சினை அதிர்வு. ஈயம் இழைகளுக்குள் ஏறி, ஜாயிண்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வயரைக் கம்பி மாதிரி விறைக்க வைக்கிறது. விறைத்த வயரும் வளையும் வயரும் சந்திக்கிற அந்தக் கோட்டில்தான் முறிகிறது, அதுவும் இன்சுலேஷனுக்கு உள்ளே. வெளியே பார்த்தால் வயர் நன்றாக இருக்கும். பிரேக்கர் போட்டு பாறை உடைக்கும் வண்டியில் என்ன அதிர்வு என்று உங்களுக்கே தெரியும்.

அதே எலெக்ட்ரீஷியன்: கிரிம்ப் என்று சொல்லி எல்லோரும் கட்டிங் பிளையரால் நசுக்குகிறார்கள். மழை வந்தால் உள்ளே பச்சை பூக்கிறது. அதற்கு ஈயம் மேல்.

இதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். பிளையரில் நசுக்கியது கிரிம்ப் ஆகாது. அதற்கென்று உள்ள டூல், வயர் கனத்துக்கு ஏற்ற ஸ்லீவ், இழுத்தால் வரக்கூடாது. அந்த டூல் கையில் இல்லையென்றால் உங்கள் ஈய ஜாயிண்ட்டே மேல். ஆனால் இரண்டு பக்கமும் வயர் அசையாமல் கட்ட வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். உப்பளத்தில் ஓடும் வண்டி. கிரிம்ப், ஈயம் இரண்டும் ஆறு மாதத்தில் போகிறது.

உப்புக் காற்றில் ஜாயிண்ட் வகையைவிட மூடுகிற விதம்தான் முக்கியம். இன்சுலேஷன் டேப் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே பசை உள்ள ஸ்லீவைச் சூடாக்கும்போது இரண்டு முனையிலும் பசை பிதுங்கி வர வேண்டும். வரவில்லை என்றால் தண்ணீர் போகும். டெஸ்ட் லாம்ப் ஊசியால் வயரைக் குத்திப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். குத்திய ஓட்டை வழியாக உப்புத் தண்ணீர் ஏறி, ஒரு ஜாண் தள்ளி வயரைத் தின்றுவிடும்.

கோயம்புத்தூர் எலெக்ட்ரீஷியன்: சரி, பசை ஸ்லீவ் விஷயத்தில் நாம் ஒன்று.

சந்தோஷம் அண்ணே.

திருச்சியிலிருந்து: பூம் மெதுவாக ஏறுகிறது. எரர் எதுவும் இல்லை.

இது ஹைட்ராலிக். பிரஷர் கேஜோடு பம்ப் மெக்கானிக்கைப் பாருங்கள்.

தர்மபுரியிலிருந்து: கம்யூனிகேஷன் எரர். போர்டு வாங்கலாமா?

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். அளக்காமல் போர்டு வாங்காதீர்கள். பழைய போர்டில் வேறு மாடலின் புரோகிராம் இருந்தால் இன்னொரு எரர்தான் சேரும்.

சேலத்திலிருந்து: 60 ஓம்ஸ் சரியாக வருகிறது. ஆனாலும் வேலை செய்யும்போது மட்டும் எரர். கோட் எண்ணில் கடைசியில் 9 வருகிறது.

கனரக வண்டிகளின் கன்ட்ரோலர்கள் கேன் வயரில் பேசிக்கொள்ளும் ஜே1939 முறையில் அந்த 9 என்றால், வர வேண்டிய தகவல் நேரத்துக்கு வரவில்லை என்று பொருள். யாருடைய தகவல் வரவில்லை என்று முதலில் பாருங்கள். எல்லா கன்ட்ரோலரும் ஒரே ஒரு கன்ட்ரோலரைக் குறை சொன்னால் அதன் ஃபியூஸ், எர்த், கப்ளர். ஒன்றையொன்று குறை சொன்னால் பொது லைன்.

வாங்கிய வண்டி என்பதால் இன்னொன்றும் தேடுங்கள். முன்பு கடன் கொடுத்தவர்கள் மாட்டிய ஜிபிஎஸ் பெட்டி டேஷ்போர்டுக்குள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதை கேன் வயரை உரித்துச் சுற்றி டேப் ஒட்டி மாட்டியிருந்தால் அந்த இடத்திலேயே கோளாறு வரும். யாருக்கும் கடன் பாக்கி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதைக் கழற்றி ஜாயிண்டைச் சரி செய்யுங்கள்.

அதுவும் இல்லையென்றால் சாவி ஆன் செய்து, ஹையிலிருந்து எர்த்துக்கும் லோவிலிருந்து எர்த்துக்கும் வோல்ட் பாருங்கள். ஹை 2.5க்குக் கொஞ்சம் மேலே, லோ கொஞ்சம் கீழே, இரண்டும் சேர்ந்து 5 பக்கம் வர வேண்டும். மீட்டரை ஒருவர் பார்க்க, இன்னொருவர் ஹார்னெஸை (வயர்க் கட்டு) ஒரு முழம் ஒரு முழமாக ஆட்டிக்கொண்டே வரட்டும். சீட்டுக்குப் பின்னால், கேபின் அடி, பம்ப் பக்கம் சுவரைத் தாண்டும் இடம். எண் குதிக்கும் இடத்தில் கையை எடுக்காதீர்கள்.

அரியலூரிலிருந்து: பக்கெட்டில் வெல்டிங் வைத்த மறுநாளிலிருந்து எரர்.

வெல்டிங்குக்கு முன் கட்-ஆஃப் ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கன்ட்ரோலர் கப்ளர்களையும் பிடுங்க வேண்டும். வெல்டிங் எர்த்தை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். செயினில் பிடித்தால் கரண்ட், வண்டியின் மேல் பாகம் சுழலும் ஸ்விங் பேரிங் வழியாகத் தேடிக்கொண்டு போகும். இப்போது கட்-ஆஃபை ஆஃப் செய்து, ஒவ்வொரு கன்ட்ரோலராகக் கழற்றி ஓம்ஸ் பாருங்கள். எதைக் கழற்றியதும் ஷார்ட் போகிறதோ, அதுதான் போயிருக்கிறது. உங்களுக்கு மட்டும் போர்டு தேவைப்படலாம்.