மனசு நன்றாக இருந்தால் போதுமா?

கேள்வி: "மனசு மஞ்சிதைதே சாலு" என்று தெலுங்கில் சொல்வார்கள் எங்கள் பக்கத்தில்; மனசு நன்றாக இருந்தால் போதும் என்று அர்த்தம். என் கணவரும் அதையே சொல்லி விளக்கேற்றுவது, காளஹஸ்தி போவது எல்லாவற்றையும் விட்டுவிட்டார். இதயத்தில் கடவுள் இருக்கிறார் என்கிறார்களே, அந்த இதயம் எது? மனசு சுத்தமாக இருந்தால் வேறெதுவும் வேண்டாமா?
- ஒரு வாசகி, நகரி

பதில்: உங்கள் கணவர் சொல்வது பாதி சரி, அம்மா. மீதியை நாயன்மார்களில் ஒருவரான பூசலாரிடம் கேட்போம். அவர் ஊர் திருநின்றவூர், அரக்கோணம் வந்து சென்னை ரயில் ஏறினால் போய்விடலாம். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், பொருள் கிடைக்கவில்லை. மனசுக்குள் கட்டினார். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். எப்படிக் கட்டினார் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. பெரியபுராணத்தில் சேக்கிழார் விவரமாகவே சொல்கிறார்: நினைப்பிலேயே பொருள் தேடி, கல்லும் மரமும் சேர்த்து, தச்சர்களைக் கூட்டி, நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார். ராத்திரியும் கண்ணுறங்காமல் வேலை. சிகரம், சுதை, மதில், கிணறு, குளம் எதையும் விடவில்லை. வெறும் நினைப்புதானே, ஒரே நாளில் முடித்திருக்கலாமே! முடிக்கவில்லை, நெடுநாள் கட்டினார். அப்புறம்தான் காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னனின் கனவில் சிவன் வந்து, நாளை பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் குடமுழுக்கைத் தள்ளி வை என்றார். திருநின்றவூரில் இன்றும் சுவாமிக்கு இருதயாலீஸ்வரர் என்றே பெயர்.

அந்த இதயம் ரத்தம் இறைக்கிற உறுப்பில்லை. ரமணர் மார்பின் வலப்பக்கத்தைக் காட்டினார். சட்டென்று கண் கலங்குகிற இளகிய குணமும் அது ஆகாது. உங்கள் ஊர் விசைத்தறிக்கே வாருங்கள். ராத்திரி ஷிப்டில் பாவு இழை ஒன்று அறுகிறது. அப்படியே ஓட்டினாலும் துணி வரும், கோடு விழுந்த துணியாக வரும். பார்க்க யாருமில்லை. ஒருவர் தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடியெடுத்து முடிச்சுப் போடுகிறார். அவரை நிறுத்தச் சொன்னது எதுவோ, அதைத்தான் நான் இதயம் என்பேன்.

வேடரான கண்ணப்பருக்கு என்ன பூஜை தெரியும் என்று உங்கள் கணவர் கேட்கலாம். தெரியாதுதான். ஆனால் இறைச்சியைச் சுட்டு, பல்லால் பதம் பார்த்து, வாயில் நீரும் தலையில் பூவும் சுமந்து அதே காளஹஸ்தி மலையேறினார். விடிய விடிய வில்லோடு காவலும் நின்றார்.

விளக்கேற்றச் சொல்லி அவரை வற்புறுத்த வேண்டாம். மனசுக்குள் என்ன கட்டுகிறீர்கள், இன்றைக்கு எத்தனை கல் வைத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.